எப்சிபா அக்காவின் ஓட்டம்

எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் படகில் கற்றது. பழவேற்காட்டுப் படகுத்துறையில் பதினோரு வருடமாக ஆள் ஏற்றுகிறேன். பூநாரை பார்க்க வருகிறவர்களை "ஸ்லோலி, ஸ்லோலி" என்று கைபிடித்து ஏற்றுவேன். எழுந்து நின்று படம் எடுத்தால் "சிட், மிடில் சிட்" என்பேன். பறவைகள் பறந்து போயிருந்தால் "டுமாரோ கம்" என்பேன். இவ்வளவு போதும், தொழில் நடந்துவிடும். ஆனால் எங்கள் தோணிரேவுக் குப்பத்தில் என்னைப் பற்றிய எண்ணமே வேறு. "ஆல்வின் இங்கிலீஷ்ல பொளந்து கட்டுவான்" என்று ஊரே நம்பியது. நான் ஒருநாளும் அதை மறுத்ததில்லை. மறுக்காத குற்றத்துக்காக எப்சிபா அக்கா இரண்டு மாதம் ஓட வேண்டியதாயிற்று.

எப்சிபா அக்கா எங்கள் எதிர்வீடு. வயது நாற்பத்தாறு. ஏரியில் பிடிபடும் சேற்று நண்டை வாங்கி, கொடுக்கைக் கயிற்றால் கட்டி, பெரிது சிறிது பிரித்து ஏலத்துக்குக் கொண்டுபோவார். கணவர் தேவதாஸ் எளாவூர் சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டல் ஒன்றில் பரோட்டா போடுகிறார். சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்விடுவார். பிள்ளைகள் இல்லை. அதனாலோ என்னவோ, ஊர் வேலையெல்லாம் அக்காவின் வேலை.

ஏரியைச் சுற்றி ஏழு குப்பங்களின் மீன்காரப் பெண்கள் சேர்ந்து ஒரு மகளிர் சங்கம் வைத்திருக்கிறார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். தலைவி கோவிந்தம்மா, பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் குப்பத்துக்காரர். மூன்று வருடத்துக்கு ஒரு தேர்தல் என்று விதி இருக்கிறது. நான்கு முறையும் எதிர்த்து யாரும் நிற்காததால் ஓட்டுப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கவே இல்லை. கூட்டமென்றால் கோவிந்தம்மா நடு நாற்காலியில் உட்கார்ந்து முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருப்பார். பேசுவதெல்லாம் அவருடைய கணவர் அங்கமுத்து.

போன ஜனவரியில் ரூத் என்கிற அமெரிக்கப் பெண்மணி எங்கள் ஏரிக்கு வந்தார். நண்டைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற டாக்டர். பைபிளில் வரும் பெயர் என்பதால் அக்காவுக்கு அவரை முதல் நாளே பிடித்துப்போயிற்று. மூன்று வாரம் என் படகில்தான் சுற்றினார். ஒருநாள் மகளிர் சங்கத்தின் கூட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார். மொழிபெயர்க்க வேறு யார்? நான்தான் போனேன்.

ஏலக்கூடத்தில் பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அங்கமுத்து கைப்பேசியில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டு வெளியே போயிருந்த நேரம். ரூத் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஹூ ரன்ஸ் திஸ் சொசைட்டி?"

ஹூ என்றால் யார். சொசைட்டி என்றால் சங்கம். ரன் எனக்கு நன்றாகவே தெரியும்; கிரிக்கெட் பார்க்காதவனா நான்? எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

"நம்ம சங்கத்துல ஓடறது யாருன்னு கேக்கறாங்க."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கருவாடு விற்கும் சூசையம்மாள் பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஓடறதா? எல்லாத்துக்கும் ஓடறது நம்ம எப்சிபாதான்!"

"ஆமா, ஐஸ் வரலைன்னா ஓடறது அவதான். யாருக்கனா நோவுன்னா ஆஸ்பத்திரிக்கு இட்டுனு ஓடறது அவதான். மனு குடுக்கப் பொன்னேரிக்கு ஓடறதும் அவதான்" என்றார் இன்னொருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். கோவிந்தம்மாவும்தான்.

நான் ரூத்திடம் திரும்பி, "எப்சிபா. ஒன்லி எப்சிபா ரன்" என்றேன். அவர் கண்கள் பளிச்சென்றன. நோட்டில் எப்சிபாவின் பெயரை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது சுவரில் இருந்த பெயர்ப்பலகையைக் காட்டி அது என்ன என்று கேட்டார். "பிரசிடென்ட் நேம். கோவிந்தம்மா. ஏப்ரல் நியூ எலக்ஷன்" என்றேன்.

"பட் எப்சிபா ரன்ஸ் இட்?"

"எஸ், எஸ். டெய்லி."

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நேராக அக்காவிடம் போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"யூ ஷுட் ரன். ரியலி. யூ ஷுட் ரன்."

"இன்னாடா சொல்றாங்க?" என்றார் அக்கா.

"நீ ஓடணுமாம்க்கா."

"ஓடணுமா? நானா? எங்க?"

"வேர்?" என்று ரூத்திடம் கேட்டேன்.

"ஹியர்!" என்று அவர் கையைச் சுழற்றி ஏரியையே வளைத்துக் காட்டினார். "ஆல் செவன் வில்லேஜஸ்!"

"இங்கதானாம். ஏழு குப்பத்துக்கும் ஓடணுமாம்."

அக்கா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முகம் யோசனையில் ஆழ்ந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் விஷயத்தைச் சொன்னார். அந்த வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்ததில் சர்க்கரை இருநூற்று நாற்பது காட்டியிருக்கிறது. தினமும் நடக்க வேண்டும் என்று நர்சு சொல்லியிருக்கிறார். அக்கா யாரிடமும் சொல்லவில்லை, தேவதாஸ் அண்ணனிடம்கூட.

"நர்சம்மா நடக்கத்தான் சொன்னாங்க. இவங்க டாக்டராச்சே, பாத்ததுமே கண்டுபுடிச்சுட்டாங்க பாத்தியா?"

"அவுங்க நண்டு டாக்டர் அக்கா."

"நண்டு இன்னா, மனுசன் இன்னா? ஒடம்பு ஒடம்புதானே? ஏழு குப்பம் ஓடணும்ன்னா, அவ்ளோ முத்திப்போச்சுனு அர்த்தம்."

அடுத்த சனிக்கிழமை, அக்கா போனில் விஷயத்தைச் சொல்லிக் கேட்டபடி, தேவதாஸ் அண்ணன் எளாவூரிலிருந்து ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்தார். நீலநிறம், பச்சைக் கயிறு. திங்கட்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஷூவை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

முதல் நாள் ஓட்டம் எங்கள் தெருமுனையிலிருந்த பம்பு வரைக்கும்தான். அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் நாள் நாய்கள் துரத்தியதால் கொஞ்சம் அதிகம் போக முடிந்தது. ஒரு வாரத்தில் பாலத்தை எட்டினார். பாலத்தின் மேல் வலை வீசிக்கொண்டிருந்தவர்கள், "யாருக்கா தொரத்துறா?" என்று கேட்டார்கள். "சக்கரதான் தொரத்துது" என்று மூச்சிரைக்கப் பதில் சொல்லிவிட்டு ஓடினார்.

நாலரை மணி என்பது எங்கள் பக்கத்தில் பெண்கள் வாசலில் இருக்கும் நேரம். காலை வேலை முடிந்து, குளித்து, வலையில் சிக்கிய குப்பையை எடுத்துக்கொண்டோ, கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டோ இருப்பார்கள். அக்காவுக்கு ஒரு மூச்சில் ஏழு குப்பத்தையும் ஓட முடியுமா? ஒரு நாளைக்கு இரண்டு, மறுநாள் வேறு இரண்டு என்று பிரித்துக்கொண்டார். ஒவ்வொரு குப்பத்திலும் மூச்சு வாங்க நிற்பார். தண்ணீர் கொடுப்பார்கள். தண்ணீர் குடிக்கும்போது பேச்சு வரும்.

பேச்சில் முதலில் வந்தது கழிப்பறை. ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை கட்டித் திறப்புவிழாவும் நடத்தினார்கள். திறந்த அன்றே பூட்டினார்கள். சாவி அங்கமுத்துவின் சட்டைப்பையில் இருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு ஏலத்துக்கு வரும் பெண்கள் ஒன்பது மணி வரைக்கும் அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். "தண்ணியே குடிக்காம வர்றோம் எப்சிபா" என்று ஒரு குப்பத்தில் சொன்னார்கள். "எனுக்கு நீர்க்கடுப்பு வந்து பதினஞ்சு நாளு படுத்துட்டேன்" என்று அடுத்த குப்பத்தில் ஒருத்தி சொன்னாள். அடுத்து ஐஸ். நேரத்துக்கு வருவதில்லை, வரும்போது பாதி தண்ணீர். ஒவ்வொருத்தியும் அதைத் தன் வீட்டுக் கஷ்டம் என்றே நினைத்திருந்தாள். ஓடிய அக்காவுக்குத்தான் ஏழு குப்பத்திலும் ஒரே கஷ்டம் என்று தெரிந்தது.

அக்கா இரண்டு முறை அங்கமுத்துவிடம் சாவி கேட்டார். "சாவி பத்திரமா இருக்குதும்மா" என்று அவர் பையைத் தட்டிக் காட்டினார். அவ்வளவுதான் பதில்.

ஆனால் அதே வீட்டு வாசலில்தான் அக்காவுக்கு மோர் கிடைத்தது. அங்கமுத்து ஊரில் இல்லாத நேரங்களில் கோவிந்தம்மா சொம்போடு நிற்பார். "குடி எப்சிபா. வெறும் தண்ணி குடிச்சா வெலாவுல குத்தல் புடிக்கும்" என்பார். அதற்குமேல் பேசமாட்டார். அக்கா குடித்து முடிக்கும் வரை நீல ஷூவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பிப்ரவரி முடிவதற்குள் அக்காவின் ஓட்டம் ஏரிக்கரையில் ஒரு வழக்கமாகிவிட்டது. "எப்சிபா ஓடிட்டாளா? அப்ப மணி அஞ்சாச்சு" என்று அடுப்பு பற்றவைப்பார்கள். இந்தக் குப்பத்திலிருந்து அந்தக் குப்பத்துக்கு மாத்திரை, ரேஷன் அட்டை, கல்யாணச் சேதி எல்லாம் அக்காவோடு ஓடின. சர்க்கரை நூற்று அறுபதுக்கு இறங்கியது.

மார்ச் மாதம் ரூத் திரும்பி வந்தார். படகிலிருந்து இறங்கியதுமே துறையில் நண்டுக் கூடையோடு நின்ற அக்காவைப் பார்த்து ஓடிவந்தார்.

"எப்சிபா! ஆர் யூ ரன்னிங்?"

இந்த ஒரு கேள்விக்கு அக்காவுக்கு நான் தேவைப்படவில்லை. "எஸ்! டெய்லி! செவன் வில்லேஜ்!" என்று விரல்களைக் காட்டினார்.

ரூத் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "வொண்டர்ஃபுல்! ஐ ஹோப் யூ வின்!"

"இன்னாடா?"

"நீ ஜெயிக்கணுமாம்க்கா."

"எதுல?"

எனக்கு அப்போதுதான் முதல் சந்தேகம் வந்தது. ஓடுவதில் எதை ஜெயிப்பது? ஆனாலும் வாய் தன் வேலையைச் செய்தது. "சக்கரைய ஜெயிக்கணும்னு சொல்றாங்கபோல" என்றேன். அக்கா ரூத்தின் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டார்.

அன்றைக்கே ரூத் மகளிர் சங்கத்தின் கைப்பேசிக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். அந்தச் செய்திகளைப் பார்ப்பது கோவிந்தம்மாவின் மகள் நந்தினி. பொன்னேரியில் கல்லூரியில் படிக்கிற பெண். ஆங்கிலம் அவளுக்கு நிஜமாகவே தெரியும். இந்த வருடத் தேர்தலில் எப்சிபா நிற்பதில் மிகவும் மகிழ்ச்சி என்று ரூத் எழுதியிருந்ததை அப்படியே அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து அக்காவும் தேவதாஸ் அண்ணனும் வீட்டுக்கு வந்தபோது அங்கமுத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நானும் எதிர்வீட்டிலிருந்து எட்டிப்பார்த்தேன்.

"எப்சிபா, நிக்கறியாமே?" என்றார்.

"நிக்கலையே? இப்பதான் வரேன். நீங்கதான் உக்காந்துக்கினு கீறீங்க."

"டபாய்க்காத. ரெண்டு மாசமா குப்பம் குப்பமா ஓடிக்கினு கீற. எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"சக்கரைக்கு ஓடறேன் அண்ணே."

"சக்கரையா?" அங்கமுத்து சிரித்தார். "எங்கூட்டு வாசல்லயே வந்து மோரு வாங்கிக் குடிச்சுட்டு, எங்கூட்டுக்காரிய எதுத்து நிக்கப் போற. அமெரிக்காக்காரி வரைக்கும் சேதி போயிருக்குது. இன்னும் சக்கரைங்கற?"

அக்கா திகைத்துப்போனார். உண்மையில் அந்த நிமிடம் வரைக்கும் தேர்தல் என்ற எண்ணம் அவர் மனதில் இல்லை. சத்தியம் செய்யக்கூடத் தயாராக இருந்தார். "பைபிள் மேல அடிச்சு சொல்றேண்ணே, நான் நிக்கல" என்று சொல்ல வாயெடுத்தார். அங்கமுத்து அதற்குள் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார்.

"சரி, நிக்கலைன்னா நல்லது. நான் சொல்றத கேட்டுக்கோ. ஓடறதுக்கு காலு போதும். நிக்கறதுக்கு மூள வேணும். பன்னெண்டு வருசமா நான்தான் இந்த சங்கத்த ஓட்டிக்கினு வரேன். கோவிந்தம்மாவே பேருக்குதான். பொம்பளைங்களா உக்காந்து ஓட்டற விசயமா இது?"

தேவதாஸ் அண்ணன் ஏதோ சொல்லப் போனார். அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அங்கமுத்து வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிற வரைக்கும் அந்தக் கையை விடவில்லை. அன்றைக்கு மீன் குழம்பில் உப்பு போட மறந்துவிட்டார் என்று அண்ணன் பிறகு சொன்னார்.

சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். "ஏண்டா ஆல்வினு, அந்தாளுக்கு ஏன் அப்டி தோணுச்சு? ரூத்தம்மா இன்னாதான் சொன்னாங்க?"

"விசாரிக்கறேன்கா" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் பொன்னேரி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த நந்தினியைப் பிடித்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். பஸ் நிறுத்தத்தில் அவள் சிரித்த சிரிப்பில் காக்கைகள் பறந்தன. பிறகு கைப்பேசியில் ஓர் அகராதியைத் திறந்து ரன் என்ற சொல்லை எடுத்துக் காட்டினாள். விரலால் தள்ளத் தள்ள அர்த்தம் வந்துகொண்டே இருந்தது.

"குழாயில தண்ணி வந்தாலும் ரன்னுதான் ண்ணா. மூக்கு ஒழுகுனாலும் ரன்னு. எஞ்சின் ஓடுனா ரன்னு. புதுத்துணி சாயம் போனா ரன்னு. பாண்டிச்சேரிக்கு பஸ் விட்டாலும் ரன்னு. கடை வெச்சு நடத்துனா, சங்கத்த நடத்துனா, அதுவும் ரன்னு. அவுங்க மொதநாள் கேட்டது, இந்த சங்கத்த நடத்துறது யாருன்னு."

"அய்யய்யோ."

"இருங்க, இன்னும் கீது. தேர்தல்ல நிக்கறதுக்கும் ரன்னுதான்."

"நாம நிக்கறோம். அவுங்க ஓடறாங்களா?"

"அமெரிக்காவுல ஓடுவாங்க. இங்கிலாந்துல நம்மள மாதிரியே நிப்பாங்க."

ஒரே சொல், இத்தனை வேலை. எங்கள் தமிழில் ஓடுவதும் குறைந்த வேலை செய்வதில்லை என்று நினைத்துக்கொண்டேன். வண்டி ஓடுகிறது, படம் ஓடுகிறது, புத்தி ஓடவில்லை. எனக்கு அன்று புத்தி ஓடவே இல்லை.

"உங்க அம்மாவுக்கு எதுரா போயிடுமேம்மா இது?" என்றேன்.

நந்தினி பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "அம்மாவுக்கு இது வேணாம்ணா. கூட்டம்னாலே காலைலேர்ந்து வயித்தக் கலக்குதுன்னு ஒண்ணும் சாப்புடாது. நைனாதான் வுடமாட்டேங்குது. எப்சிபா அத்தைகிட்ட சொல்லுங்க. மனு குடுக்க கடைசி நாளு வெள்ளிக்கெழம."

படகு வேலையெல்லாம் முடித்து மூன்று மணிக்குத்தான் அக்கா முன்னால் போய் நிற்க எனக்குத் தைரியம் வந்தது. நண்டுகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. கிரிக்கெட்டைக்கூடச் சொன்னேன். சொல்லி முடித்ததும் கட்டின நண்டைக் கூடையில் போட்டார். கட்டாத ஒன்றைக் கையில் எடுத்தார்.

"அப்போ நான் ரெண்டு மாசமா ஓடுனது?"

நான் கீழே உட்கார்ந்து கயிற்றுத் துண்டுகளைப் பொறுக்கினேன்.

"நாயி தொரத்துச்சே? முட்டி வீங்கி எண்ண போட்டுக்கினேனே? ஊரே சிரிச்சுதேடா பாவி!"

நான் எழுந்து ஓடினேன். அக்கா பின்னால் வந்தார். இரண்டு மாதப் பழக்கம், சுலபமாகவே பிடித்துவிட்டார். தலையில் இரண்டு வைத்தார். நண்டை என் சட்டைக்குள் விடப் போனார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பம்படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரிக்கப் போனேன். "நீ சிரிக்காத" என்று அதட்டினார். அதற்குப் பிறகு பல நாள் என்னை வேலை ஏவினாரே தவிர, அவர் சரியாகப் பேசவில்லை. அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

நாலரை மணிக்கு வழக்கம்போல ஷூவை மாட்டினார். அன்று அவர் ஓடவில்லை. என்னுடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்தார். "ஏழு குப்பத்துக்கும் போகணும். பெட்ரோல் உன்னுது" என்றார்.

முதல் குப்பத்தில் இறங்கி, வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஏண்டியம்மா, ஒருவேள… நான் சங்கத் தேர்தல்ல நின்னா, எனுக்கு ஓட்டு போடுவீங்களா?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னாடி கேள்வி இது? ரெண்டு மாசமா அதுக்குத்தானே ஓடுன?"

"நானா?"

"பின்ன? தெனம் வந்து, கக்கூசு சாவி வந்துச்சா, ஐஸ் வந்துச்சான்னு விசாரிச்சியே? நீயா வாயத் தொறந்து கேப்பேன்னு காத்துக்கினு இருந்தோம்."

இரண்டாவது குப்பத்திலும் அதே பதில். மூன்றாவதில் சூசையம்மாள் வீட்டு வாசலில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். "இவ்ளோ நாளா கேக்காம இருக்கியே, ஒனுக்கு இன்னா திமிருன்னு பேசிக்கினோம்" என்றார் சூசையம்மாள். ஏழு குப்பமும் முடித்துத் திரும்பும்போது அக்கா என் தோளைத் தட்டினார். "ஏண்டா, சக்கரைக்கு ஓடுனேன்னு நான் ஒருத்திதான் நம்பிக்கினு இருந்தனா?"

வெள்ளிக்கிழமை மனு கொடுத்தார். முன்மொழிய ஒருவர் போதும். முப்பத்தியாறு பேர் வந்து வரிசையில் நின்றார்கள். அங்கமுத்து அன்று வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டார். அவர் சில குப்பங்களுக்கு வந்தே பல வருடம் ஆகியிருந்தது. சூசையம்மாள் வீடு எது என்று பாலத்துமேல் நின்று விசாரித்ததாகச் சொன்னார்கள்.

ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு தேர்தல். பரணிலிருந்து ஓட்டுப்பெட்டியை இறக்கினார்கள். உள்ளே ஒரு பூனை குட்டி போட்டுக் குடித்தனம் நடத்திய தடயம் இருந்தது. கழுவிக் காயவைத்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் இருநூற்று நாலு பேர் வந்தார்கள். பொன்னேரியிலிருந்து வந்த அதிகாரி எண்ணி அறிவித்தார்: எப்சிபாவுக்கு நூற்று நாற்பத்தெட்டு, கோவிந்தம்மாவுக்கு ஐம்பத்தைந்து, செல்லாதது ஒன்று.

கைதட்டலும் குலவையும் கூடத்தை அடைத்தன. அக்கா அழுதுவிட்டார். தேவதாஸ் அண்ணன் எல்லோருக்கும் பரோட்டா கொண்டுவந்திருந்தார். தோற்றிருந்தாலும் கொடுத்திருப்பேன் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கமுத்து கதவோரம் விறைத்து நின்றார். கோவிந்தம்மா நடு நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். என்ன ஆகுமோ என்று எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அவர் அக்காவின் இரண்டு தோளையும் பிடித்து, பெருமூச்சு விட்டார்.

"அப்பாடா. நல்லா இருடி" என்றார். பிறகு பாயில் பெண்களோடு பெண்களாக உட்கார்ந்து இரண்டு பரோட்டா சாப்பிட்டார். கூட்ட நாளில் அம்மா சாப்பிட்டு இப்போதுதான் பார்க்கிறேன் என்று நந்தினி என் காதில் சொன்னாள்.

கழிப்பறை விஷயத்தில் அக்கா பேச்சுவார்த்தை எதுவும் வைக்கவில்லை. மறுநாளே பூட்டை உடைத்து, புதுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். ஐஸ் அவ்வளவு சுலபமாக இல்லை. ஆரம்பாக்கத்தில் இருக்கும் ஐஸ் கம்பெனி முதலாளி போனை எடுப்பதில்லை. "நேர்ல போகணும்" என்றார் அக்கா. அப்போது கோவிந்தம்மா கேட்டார், "நானும் வரட்டா?"

மூவரும் பஸ் பிடித்து ஆரம்பாக்கம் போனோம். என்னைக் கூட்டிப் போனது ஐஸ் பெட்டியைத் தூக்கிப் பார்த்து எடை சொல்வதற்கு. முதலாளி ஜெகதீஸ்வரன் என்னைப் பார்த்துத்தான் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"தலைவி நான்தான்" என்றார் எப்சிபா அக்கா. "இவங்க கோவிந்தம்மா. பன்னெண்டு வருசமா தலைவியா இருந்தாங்க."

முதலாளி நிமிர்ந்தார். "நீங்கதான் கோவிந்தம்மாவா? பன்னெண்டு வருசமா உங்க பேருல கடுதாசி வருது. போன்ல பேசறது ஆம்பள கொரலா இருக்குமே?"

கோவிந்தம்மா முந்தானை நுனியைச் சுருட்ட ஆரம்பித்தார். பிறகு விட்டுவிட்டார். "அந்தக் கடுதாசி ஒண்ணுலயும் இன்னா எழுதியிருந்துச்சுன்னு எனுக்குத் தெரியாது. இப்ப சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பித்தார். நாலு மணி ஏலத்துக்கு ஆறு மணிக்கு ஐஸ் வந்தால் எத்தனை இறால் வீணாகிறது, போன வருடம் மே மாதத்தில் எத்தனை பேர் அழுதுகொண்டு கூடையைத் திருப்பிக்கொண்டு போனார்கள், யார் யார் என்று பெயர் பெயராகச் சொன்னார். பன்னிரண்டு வருடம் பேசாமல் உட்கார்ந்திருந்தவர் அத்தனையும் கேட்டு வைத்திருக்கிறார். எப்சிபா அக்கா ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. முதலாளி எழுந்து போய் லாரி டிரைவரைக் கூப்பிட்டார். மூன்றரைக்கு வண்டி துறையில் இருக்கும் என்று சொன்னார். வராவிட்டால் வேறு கம்பெனி பார்ப்போம் என்று அக்கா அப்போதுதான் மறுபடி வாயைத் திறந்தார்.

திரும்பும்போது பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு பெண்களும் பேருந்து நிறுத்தத்துக் கடையில் போண்டா வாங்கி, காகிதத்தை மடியில் விரித்துவைத்துக்கொண்டு, யார் வீட்டு மருமகள் நல்லவள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு போண்டா கொடுத்தார்கள். ரன் விஷயம் வெளிவந்த நாளுக்குப் பிறகு எப்சிபா அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் விடியற்காலை மூன்று இருபதுக்கு ஐஸ் லாரி பாலத்தின் மேல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.